கேளுங்கோ, கதைப்பம்: முதன்முதலா ஒரு டிராகன் ஆள்

இந்த முறை வந்த கேள்வியள் முக்காவாசியும் ஒரே விசயத்தைப் பற்றினது, மேசையைச் சுத்தி இருந்து கதையா விளையாடுற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதால மற்றக் கேள்வியளை அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போட்டு இதையே ஆறுதலாக் கதைப்பம்.

கேள்வி: அக்கா, எனக்கு 17 வயசு. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில இருந்து வந்த மச்சாள் ஆக்கள் போகேக்க ஒரு விளையாட்டுப் புத்தகமும் ஒரு சின்னப் பை டைஸும் தந்திட்டுப் போட்டினம். சனிக்கிழமையில வீடியோ கோலில சேர்ந்து விளையாடுவமாம். எனக்கு டிராகன் மாதிரி ஒரு ஆளா வரத்தான் ஆசை, ஆனா புத்தகத்தைத் திறந்தா ஒரே இலக்கமாக் கிடக்கு. அதோட நான் கூட்டத்துக்குள்ள பெரிசாக் கதைக்கிற ஆளும் இல்லை. எங்க இருந்து தொடங்கிறது? - கொக்குவில் வாசகி

தங்கச்சி, அந்த இலக்கங்களை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கோ, அது அரை மணித்தியால வேலை, கீழ சொல்லித் தாறன். அதுக்கு முதல் ஒரு விசயம். சனிக்கிழமை கதை நடத்தப்போற மச்சாள் உங்களிட்டத் திரும்பத் திரும்பக் கேக்கப்போறது ஒரே கேள்விதான், "இப்ப என்ன செய்யப்போறாய்?" எண்டு. புதுசா வாற பிள்ளையள் திகைச்சுப்போய் நிக்கிறது அந்தக் கேள்வியிலதான், கூட்டல் கழித்தலில ஒருத்தரும் நிக்கிறேல்ல. அதால முதல் ஆளை உருவாக்கேக்க, அந்தக் கேள்விக்கு எப்பவும் ஒரு மறுமொழி கையில இருக்கிற மாதிரி ஆளாப் பாத்துச் செய்யவேணும். நீங்கள் கேட்ட டிராகன் ஆள் அதுக்கு நல்லாப் பொருந்தும், வேற ஒண்டும் தோன்றாட்டியும் வாயைத் திறந்து நெருப்பு விடலாம்.

விளையாட்டைப் பற்றித் தெரியாத மற்ற வாசகருக்காக ரெண்டு வரி. இது 1974 இல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் எண்ட ரெண்டு அமெரிக்கர் சேர்ந்து உருவாக்கின விளையாட்டு, ஒருத்தர் கதையை நடத்த மற்ற ஆக்கள் ஆளுக்கொரு பாத்திரமாக் கதைச்சு விளையாடுவினம், நடக்குமோ நடவாதோ எண்ட இடத்தில 20 முகம் உள்ள பகடையை உருட்டிப் பாப்பினம், அவ்வளவுதான். அதில வாற டிராகன் இன ஆளுக்குப் பேர் டிராகன்போர்ன். ரெண்டு காலில நடக்கிற, செதில் மூடின, டிராகன் தலை உள்ள ஆள். உயரம் ஆறடிக்கு மேல, நிறை கிட்டத்தட்ட 250 இறாத்தல். இப்பிடி ஒரு ஆள் கடைக்குள்ள வந்து சும்மா நிண்டாலே எல்லாரும் திரும்பிப் பாப்பினம், அதால நீங்கள் கதைக்காட்டியும் உங்கட ஆளின்ர உடம்பு உங்களுக்காகக் கதைக்கும். கூச்சமான பிள்ளையளுக்கு நான் இந்த இனத்தையே எடுக்கச் சொல்லுறதுக்கு இதுதான் முதல் காரணம்.

இனி நிறம். டிராகன்போர்ன் எண்டா எந்த டிராகன்ர வழி எண்டு பத்தில ஒண்டைத் தெரிஞ்செடுக்கவேணும். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை எண்டு அஞ்சு, பித்தளை, வெண்கலம், செம்பு, தங்கம், வெள்ளி எண்டு உலோகம் அஞ்சு. எதை எடுத்தா வாயில என்ன வரும் எண்டு பாடமாக்கக் கரைச்சலா இருந்தா, உலோகத்துக்கு எங்கட வீட்டையே நினைச்சுக்கொள்ளுங்கோ. பித்தளை எண்டா குத்துவிளக்கு, அது நெருப்பு. செம்பு எண்டா அம்மம்மா புளி போட்டு மினுக்கின செம்புக்குடம், அது அசிட். வெண்கலம் எண்டா கோயில் மணி, அந்த அதிர்வை நினைச்சா மின்னல் ஞாபகம் வரும். வெள்ளி குளிர், தங்கம் திரும்பவும் நெருப்பு. நான் சொல்லிக்குடுத்த சின்னப் பெடியள் கூட இதை ஒருக்காக் கேட்டாப் பிறகு மறந்ததில்லை.

உங்களுக்கு நான் பித்தளையைத்தான் சொல்லுவன். தங்கத்தின்ர நெருப்பு 15 அடிக்கு விரிஞ்சு போற கூம்பு மாதிரி, முன்னுக்கு நிக்கிற உங்கட கூட்டாளியும் அதுக்குள்ள அகப்படக்கூடும். பித்தளையின்ர நெருப்பு 5 அடி அகலத்தில 30 அடி தூரத்துக்கு நேர் கோடாப் போகும், கோடு எண்டபடியால் ஆருக்குப் படும் ஆருக்குப் படாது எண்டு கையை நீட்டிப் பாத்தே சொல்லிப்போடலாம், வீடியோ கோலில விளையாடேக்க இது பெரிய ஆறுதல். பச்சையை மட்டும் முதல் ஆளுக்கு எடுக்காதேங்கோ, அதில வாறது நஞ்சு, செத்து எழும்பின பிணங்கள், மந்திரத்தால நடக்கிற பொம்மையள் எண்டு கன எதிரியளுக்கு நஞ்சு ஏறாது, நீங்கள் ஆசையா ஊத ஒண்டும் நடக்காமப் போனா மனசு விட்டுப்போகும். இன்னொண்டு, இந்த விளையாட்டின்ர உலகத்தில பித்தளை டிராகன் எண்டா கதைக்கிறதில ஆசை கூடின டிராகன், வழியால போறவனை மறிச்சு வைச்சுக் கதைக்கும். அப்பிடிப்பட்ட வழியில வந்தும் வாய் திறக்கத் தயங்கிற ஒரு பிள்ளை எண்டு நினைச்சுப் பாருங்கோ, உங்கட கூச்சம் அப்பிடியே அந்த ஆளின்ர குணமா மாறிடும், நடிக்கத் தேவையே இல்லை.

அடுத்தது என்ன தொழில். புத்தகத்தில 12 இருக்கு. டிராகன் எண்ட உடன எல்லாரும் ஓடிப்போய் டிராகன் ரத்தம் உள்ள மந்திரவாதியை, அதான் சோசரரை, எடுப்பினம், நல்ல வடிவான ஆள்தான், ஆனா முதல் லெவலிலயே ஆறு மந்திரம் தெரிஞ்செடுத்து அது ஒவ்வொண்டும் என்ன செய்யும் எண்டு தெரிஞ்சிருக்க வேணும், அதை ரெண்டாவது ஆளுக்கு வையுங்கோ. இப்ப ஃபைட்டரை எடுங்கோ. வாள், கேடயம், இரும்புச் சட்டை, அடி பட்டா ஒருக்கா மூச்சு வாங்கிக் கொஞ்ச உயிர்ப் புள்ளியைத் திருப்பி எடுக்கலாம், அவ்வளவுதான். ஆரையும் காப்பாத்திற, தொட்டுக் குணமாக்கிற ஆளா வர ஆசையெண்டா பலடின், அதுவும் புதுசுக்குச் சுகம்தான், முதல் லெவலில மந்திரமே இல்லை.

சரி, இனி இலக்கம். மச்சாள் தந்தது 2014 பதிப்பு எண்டு வைச்சுச் சொல்லுறன். 15, 14, 13, 12, 10, 8 எண்டு ஆறு இலக்கம், அதை ஆறு குணத்துக்குப் பங்கிட வேணும். உடல் பலத்துக்கு, அதான் ஸ்ட்ரெங்துக்கு, 15, உடல் உறுதிக்கு 14, சுறுசுறுப்புக்கு 13, ஆளை ஈர்க்கிற கரிஸ்மாவுக்கு 12, அவதானத்துக்கு 10, படிப்பறிவுக்கு 8. டிராகன்போர்ன் எண்டதால ஸ்ட்ரெங்துக்கு 2 கூடும், கரிஸ்மாவுக்கு 1 கூடும், அப்ப 17, 13. ஒவ்வொண்டிலயும் 10 ஐக் கழிச்சுப் பாதியாக்கி, மிச்சம் வந்தா கீழ விட்டா வாறதுதான் நீங்கள் பகடையோட கூட்டப்போற இலக்கம், 17 க்கு 3, 14 க்கு 2, 13 க்கு 1, 8 க்கு ஒண்டு குறைவு. உயிர்ப் புள்ளி 10 உம் அந்த 2 உம் சேர்ந்து 12. செயின் மெயில் சட்டைக்கு 16, கேடயத்துக்கு 2, அப்ப உங்களை அடிக்க வாறவனுக்குப் பகடையில மொத்தம் 18 வரவேணும். நீங்கள் வாளால அடிக்கேக்க 20 முகப் பகடையோட 5 கூட்டுங்கோ (ஸ்ட்ரெங்தின்ர 3, பயிற்சிக்கு 2), பட்டா எதிரியின்ர உயிரில குறையிறது 8 முகப் பகடையோட 3. முடிஞ்சுது. ஒரு வெள்ளைத்தாளில பெரிய எழுத்தில இந்த நாலு அஞ்சு இலக்கத்தை மட்டும் எழுதி முன்னால வையுங்கோ, அச்சடிச்ச ஷீட்டில இருக்கிற மற்றப் பெட்டியள் எல்லாம் போகப் போக நிரம்பும்.

நெருப்புக்கும் ஒரு கணக்கு இருக்கு. முதல் லெவலில ரெண்டு ஆறு முகப் பகடை, சராசரியா 7. கொப்ளின் எண்ட சின்னக் குட்டிப் பூதம் ஒண்டின்ர உயிரும் சாதாரணமா 7 தான், வரிசையா மூண்டு வந்தா மூண்டும் விழக்கூட இடம் இருக்கு. ஆனா அதுகளுக்கு விலகித் தப்ப ஒரு சந்தர்ப்பம் உண்டு, தப்புறதுக்கு அதுகள் எட்டவேண்டிய எல்லை, உங்கட ஆளுக்கு, 8 உம் உடல் உறுதியின்ர 2 உம் பயிற்சியின்ர 2 உம் கூட்டி 12. கொப்ளின் சுறுசுறுப்புக்கு 2 கூட்டும், அப்ப 10 உருட்டினாலே தப்பிடும், தப்பினாலும் அரைவாசி பட்டே தீரும். ஒருக்கா ஊதினாப் பிறகு ஒரு மணித்தியாலமாவது கதைக்குள்ள இளைப்பாற வேணும், அதுக்குப் பிறகுதான் அடுத்தது. அதால பாத்துப் பாத்துச் சேமிச்சு வைச்சு சண்டை முடியுமட்டும் ஊதாமலே விட்டிடாதேங்கோ, நான் கண்ட புதுப் பிள்ளையள் செய்யிற பெரிய பிழை அதுதான். முதல் ரவுண்டிலயே எதிரியள் ஒரே கோட்டில நிக்கேக்க ஊதுங்கோ.

பேர் வைக்கிற விசயத்தில எனக்கு ஒரு தனிச் சந்தோசம். டிராகன்போர்ன் ஆக்கள் குலத்தின்ர பேரை முதல்ல சொல்லி, தன்ர பேரைப் பின்னால சொல்லுவினம், ஏனெண்டா குலத்தின்ர மானம்தான் அவைக்குப் பெரிசு. வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு இது விளங்கப்படுத்த வேணும், தகப்பன்ர பேரை முன்னால போட்டு எழுதிற எங்களுக்கு ஒரு விளக்கமும் வேண்டாம். அதுக்கு மேல, கூடப் பொரிச்ச சகோதரங்கள் கூப்பிடுறதுக்கு எண்டு சின்ன வயசுப் பட்டப் பேர் ஒண்டும் இருக்கும், எங்கட வீட்டுப்பேர் மாதிரியே. உங்கட ஆளுக்கும் ஒரு வீட்டுப்பேர் வையுங்கோ, அதை ஆர் எப்ப சொல்லிக் கூப்பிடலாம் எண்டும் யோசியுங்கோ, அதிலயே பாதிக் கதை பிறக்கும். வயசைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, முட்டையால வந்து சில மணித்தியாலத்தில நடக்குங்கள், மூண்டு வயசில மனுசப் பிள்ளை பத்து வயசில இருக்கிற மாதிரி இருக்குங்கள், 15 இல முழு ஆள், 80 வரைக்கும் இருக்குங்கள். உங்கட வயசிலயே வைக்கலாம்.

கடைசியா ஒரு வேலை, இதைத்தான் நீங்கள் உண்மையா மினக்கெட்டுச் செய்ய வேணும். எங்கட நாட்டுக்கூத்தில ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வரேக்க வரவுப் பாட்டோட வரும் எல்லோ, தான் ஆர், எங்க இருந்து வாறன், என்னத்துக்கு வாறன் எண்டு சபைக்குச் சொல்லும். உங்கட டிராகன் ஆளுக்கும் அப்பிடி ஒரு வரவு எழுதுங்கோ, ரெண்டு மூண்டு வசனம் போதும். மூண்டு பக்கத்துக்கு முன்கதை எழுதாதேங்கோ. நான் முதல்முதல் விளையாடேக்க ஊரை இழந்த, ஒருத்தரையும் நம்பாத, தனிச்சுத் திரியிற ஒரு வீரனை நாலு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனன், எழுதின குணத்துக்கு உண்மையா நடக்கவேணும் எண்டு அண்டைக்கு முழுக்க அவர் சத்திரத்தின்ர மூலையில தனிய இருந்தார், மற்ற ஆக்கள் எல்லாம் குகைக்குப் போட்டினம். அடுத்த கிழமை நாலு பக்கத்தையும் விட்டிட்டு ஒரு வரி மாத்தினன், கூட்டத்தில இருக்கிற வைத்தியர் ஒருக்கா இவரைக் காய்ச்சலில இருந்து காப்பாத்தினவர் எண்டு. அதுக்குப் பிறகு அந்த வைத்தியர் போற இடமெல்லாம் இவர் போக வேண்டி வந்திட்டுது, நானும் கதைக்குள்ள வந்திட்டன். அதால வரவில ஒரு வசனம் கட்டாயம் மச்சாள் ஆக்களின்ர ஆள் ஒண்டைப் பற்றினதா இருக்கட்டும். சனிக்கிழமைக்கு முதல் ஒருக்கா மெசேஜ் போட்டுக் கேளுங்கோ, உங்கட ஆளுக்கும் என்ர ஆளுக்கும் என்ன உறவு வைப்பம் எண்டு. கூட்டத்துக்குள்ள கதைக்கக் கூச்சமெண்டாலும் ஒரு மச்சாளோட மெசேஜில கதைக்கலாம்தானே.

நேரத்தையும் கவனியுங்கோ, ரொறொன்ரோவில கோடை நேரம் நடக்கேக்க எங்களுக்கும் அவைக்கும் ஒன்பதரை மணித்தியாலம், நவம்பர் தொடக்கத்தில மணிக்கூடு மாத்தினாப் பிறகு பத்தரை.

கேள்வி: டிராகன் எண்டு சொல்லிப்போட்டு செட்டையும் இல்லை, வாலும் இல்லையாம். அப்ப என்ன டிராகன் அக்கா? - பருத்தித்துறை, வயசு 12

நியாயமான கேள்வி தம்பி. 2014 புத்தகத்தின்படி ரெண்டும் இல்லைத்தான். ஆனா 2024 இல வந்த புதுப் புத்தகத்தில அஞ்சாவது லெவலுக்கு வந்தா ஒளியில செய்த மாதிரி செட்டை முளைச்சுப் பத்து நிமிசம் பறக்கலாம், ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒருக்கா. அதில நெருப்பும் ஒருக்கா மட்டுமில்லை, கூடத் தரம் ஊதலாம், ஒவ்வொரு முறையும் கூம்போ கோடோ எண்டு நீங்களே தெரிஞ்செடுக்கலாம், ஆனா முதல் லெவலில பகடை ஒண்டுதான், பத்து முகப் பகடை. வாலைப் பற்றி எண்டா, கதை நடத்திறவரிட்டக் கேளுங்கோ, வாலால அடிக்கிறது தூக்கிறது எண்டு மேலதிக பலன் ஒண்டும் கேக்காம வடிவுக்கு மட்டும் எண்டா எந்த அண்ணையும் மறுக்கமாட்டார். ஆனா ரெண்டு புத்தகத்தின்ர விதியையும் கலக்காதேங்கோ, எது எண்டு முதலே கதைச்சு ஒண்டை வையுங்கோ.

கேள்வி: எங்களிட்ட இல்லாத டிராகனை ஏன் இழுக்கவேணும்? யாளி, நாகம் எண்டு விளையாடேலாதோ? - வட்டுக்கோட்டை வாசகர்

நல்லா ஏலும் அண்ணை, எனக்கும் அதுதான் விருப்பம். இலக்கங்களைத் தொடாம தோற்றத்தை மட்டும் மாத்தினாப் போதும். சிங்க உடம்பும் தும்பிக்கையும் உள்ள யாளி கோயில் தூணில நிக்கிற மாதிரியே நிமிர்ந்து நடக்கட்டும், வாயில வாறது நெருப்புக் கோடு. நாகம் எண்டா நான் சொன்ன பச்சை நிறத்தின்ர நஞ்சு தன்ர பாட்டில பொருந்தும், புதுசா விளையாடுறவருக்கு நஞ்சு வேண்டாம் எண்டு மேல சொன்னது இங்கயும் செல்லும், கதை நடத்திறவர் நஞ்சு ஏறாத எதிரியளைக் குறைச்சா நல்லது.

கதைக்குக் கரு வேணுமெண்டா நயினாதீவுப் பக்கம் பாருங்கோ. அம்மனுக்குப் பூவை வாயில கவ்விக்கொண்டு கடலில நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறிச்சதும், நாகம் போய்க் கல்லைச் சுத்திக்கொண்டதும், அந்த வழியால வந்த வணிகர் ஒருத்தர் இடையில புகுந்து விலக்குப் பிடிச்சதும் எண்டு ஒரு கதை எங்கட ஆக்களுக்குத் தெரியும், பாம்பு சுத்தின கல், கருடன் கல் எண்டு பேரும் இருக்கு. ஒரு பக்கத்துக்குக் கடமை, மற்றப் பக்கத்துக்குப் பசி, நடுவில சம்பந்தமில்லாத ஒரு ஆள், முதல் நாள் விளையாட இதைவிட என்ன வேணும். ஆனா ஒரு வேண்டுகோள், அம்மனையே பாத்திரமா ஆக்கி உயிர்ப் புள்ளி போடாதேங்கோ. அது கும்பிடுற இடம். வேற பேர், வேற தீவு எண்டு வைச்சு அந்தக் கட்டமைப்பை மட்டும் எடுங்கோ.

கேள்வி: மகன் பகடையும் கையுமா இருக்கிறான். சூது பழகிடுவானோ எண்டு பயமா இருக்கு. படிப்பும் போயிடுமோ? - சாவகச்சேரி அம்மா

அம்மா, உங்கட பயம் விளங்குது, பகடை எண்டா எங்களுக்குச் சகுனிதான் முதல்ல ஞாபகம் வாறது. ஆனா இதில காசு வைக்கிறேல்ல, வெல்லுறவர் தோக்கிறவர் எண்டும் இல்லை, எல்லாரும் ஒரே பக்கம், கதை நடத்திறவர் தாற தடையளைச் சேர்ந்து கடக்கிறதுதான் விளையாட்டு. நாங்கள் சின்னனில திண்ணையில இருந்து தாயம் உருட்டின மாதிரித்தான். கூட்டல் கழித்தலும் ஒரு தடிச்ச இங்கிலீஷ் புத்தகத்தை வரி வரியா வாசிக்கிறதும் தன்ர பாட்டில நடக்கும். நேரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுறது சரி, ஒரு முறை இருந்தா மூண்டு நாலு மணித்தியாலம் போகும், அதால கிழமைக்கு ஒரு நாள் எண்டு வரையறை வையுங்கோ, சோதனை மாசத்தில அதையும் நிப்பாட்டலாம், கதை ஓடிப்போகாது. ஒருக்கா உங்கட வீட்டு விறாந்தையிலயே விளையாட விட்டுட்டுப் பக்கத்தில இருந்து கேட்டுப் பாருங்கோ, மகன் மற்றப் பிள்ளையளுக்கு எப்பிடி இடம் விட்டுக் கதைக்கிறான் எண்டு தெரியும்.

கேள்வி: என்ர டிராகன்போர்ன் ரெண்டாம் நாளே விழுந்திட்டார். செத்தாச்சோ? - மானிப்பாய்

இன்னும் இல்லை. உயிர்ப் புள்ளி 0 க்கு வந்தா மயக்கம்தான். உங்கட முறை வரேக்க 20 முகப் பகடையை உருட்டுங்கோ, 10 உம் மேலயும் வந்தா ஒரு வெற்றி, குறைஞ்சா ஒரு தோல்வி, மூண்டு வெற்றி முதல்ல வந்தா உயிர் நிலைக்கும், மூண்டு தோல்வி வந்தாத்தான் சாவு. 20 அப்பிடியே விழுந்தா ஒரு புள்ளியோட எழும்பிடுவார். அதுக்கிடையில கூட்டாளி ஆரும் மருந்து பருக்கினாலும் சரி. விழுந்த கவலையில போனை வைச்சிட்டுப் போகாம, முறை வரேக்க உருட்டுங்கோ.

கேள்வி: புத்தகமும் இல்லை, அந்த விதம் விதமான பகடையும் இஞ்ச கடையில கிடைக்குதில்லை. என்ன செய்யலாம்? - சுன்னாகம், நாலு நண்பர்கள்

புத்தகத்துக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம் தம்பியவை. 2014 விதியளின்ர அடிப்படைப் பகுதியை விளையாட்டை வெளியிடுற கொம்பனி 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில விட்டிட்டுது, எஸ்ஆர்டி 5.1 எண்டு தேடினா இலவசமா இறக்கலாம், டிராகன்போர்னும் ஃபைட்டரும் அதுக்குள்ள இருக்கு. கொம்யூனிகேஷனில டிராகன்போர்ன் பக்கத்தையும் ஃபைட்டர் பக்கங்களையும் மட்டும் பிரிண்ட் எடுங்கோ, முழுக்க எடுத்தா 400 பக்கம் வரும்.

பகடைக்குப் போனில ஆப் இருக்கு, ஆனா கரண்ட் போய் சார்ஜும் இறங்கின இரவில கையால உருட்டி விளையாடின சந்தோசம் அதில வராது. நெருப்புக்குத் தேவையான ஆறு முகத்துக்கு லூடோப் பெட்டியில இருக்கிறதே காணும். 20 முகத்துக்கு ஒரே அளவில 20 மட்டைத் துண்டு வெட்டி, 1 இல இருந்து 20 வரைக்கும் எழுதி ஒரு துணிப்பையில போட்டு எடுங்கோ, வாளுக்கு வேணுமான எட்டுக்கு வேற நிறத்தில எட்டுத் துண்டு, வேற பை. 6 க்கும் 9 க்கும் அடியில கோடு போட மறக்காதேங்கோ. எடுத்த துண்டை ஒவ்வொரு முறையும் திருப்பிப் பைக்குள்ள போட்டுக் குலுக்கவேணும், இல்லாட்டி ஒருக்கா 20 வந்தாப் பிறகு அண்டைக்கு ஒருத்தருக்கும் 20 வராது.